உச்சியில் விழுந்த கல்

"மாடியில ஆரெல்லாம் உண்டாயிருந்து, சாரே?"

"நான், என் ஆம்படையாள் சாவித்ரி, அவ தம்பி நாகேஸ்வரன். மூணே பேர்."

இன்ஸ்பெக்டர் தாணுலிங்கம் மேசைமேல் கிடந்த தொப்பியைத் தள்ளி வைத்தார். காலையில் கோட்டைக்குள் போன காங்கிரஸ் ஊர்வலத்துக்குக் காவல் நின்ற போலீஸ் சூப்ரண்டின் தொப்பி அது. எதிரில் நின்ற சேஷனின் வீட்டு மாடியிலிருந்து வந்த கல்லில் அதன் உச்சி பள்ளமாகியிருந்தது. சூப்ரண்டு ஆஸ்பத்திரியில், நாகேஸ்வரன் லாக்கப்பில்.

"கதர் உடுத்திருக்கது உம்ம மச்சினன்தானே. பின்னே வேற ஆரு? ரெண்டு வருஷம் ஜெயில் உறப்பு."

"அடுத்த வாரம் அவனுக்கு பி.ஏ. பரீட்சை."

"அதைக் கல்லெடுக்கும்போது ஓர்த்திருக்கணும்."

சேஷன் காலேஜில் பௌதிகம் நடத்துகிறவர். கெஞ்சிப் பழக்கமில்லை. தொப்பியை எடுத்துப் பள்ளத்தில் விரலை வைத்தார்.

"கோபத்துல எறியறவன் நேரா எறிவான். நேரா வர கல் நெத்தியிலதான் படும். இது உச்சியில பட்டிருக்கு. ஒசரக்க ஏறி, ஏறின வேகம் தீர்ந்து, வளைஞ்சு இறங்கின கல்."

"அதனால?"

"நாகேஸ்வரன் கணக்குல ரெண்டு தடவை கோட்டடிச்சவன். எந்தக் கோணத்துல எறிஞ்சா எங்கே விழும்னு அவனுக்கு என்ன தெரியும்? கணக்குப் போட்டு எறியத் தெரிஞ்சவன் அந்த வீட்ல ஒருத்தன்தான்."

"ஆரு?"

"நான்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். சேஷன் சிரிக்கவில்லை.

தொப்பி ஸ்டேஷன் முற்றத்தின் கோடிக்குப் போயிற்று.

"எறிஞ்சு காட்டும், பாப்பம்."

சேஷன் தூரத்தைக் கண்ணால் அளந்தார். ஒரு கூழாங்கல்லை வீசினார். அது கூரை ஓட்டுக்கு மேலே ஏறி, வளைந்து, அதே பள்ளத்தில் டொக்கென்று விழுந்தது.

இன்ஸ்பெக்டரின் குரலில் மரியாதை கழன்றுபோயிருந்தது.

"படிப்பு கொண்டுபோய்ச் சேக்க இடத்தைப் பாத்தீரா, வே. நேசையா, அந்தப் பயலை வெளிய விடு. வாத்தியாரை உள்ள தள்ளு."

கான்ஸ்டபிள் நேசையன் லாக்கப்பைத் திறந்தான். வெளியே வந்த நாகேஸ்வரன், உள்ளே போகிறவரின் காதருகில் குனிந்தான்.

"அத்திம்பேர், நீங்க அப்போ மாடியிலயே இல்லையே. பத்மதீர்த்தத்துலன்னா குளிச்சிண்டிருந்தேள்."

"வாயை மூடு. ஆத்துக்குப் போய் உங்கக்காகிட்டச் சொல்லு. வடாத்துக்கு மேல வட்டமிடற காக்கையை இனிமே கல்லால எறிய வேண்டாம். கையைத் தட்டினாப் போறும்."

நேசையன் கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டினான்.