ஓரமில்லாத போன்

"இன்னா நைனா போன் வித்துக்கினு கீற நீ? கைய வெக்கிறதுக்கு ஒரு ஓரம் வேணாம்?"

முதலில் குரல் கடைக்குள் நுழைந்தது. பிறகுதான் மீன்காரி கன்னியம்மா நுழைந்தாள்.

ராயபுரத்தில் இருந்த அந்தச் சின்ன செல்போன் கடையின் முதலாளி ரெஜி சட்டென்று எழுந்து நின்றான். போன வாரம்தான் அவளுக்கு அந்தப் போனை விற்றிருந்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திரையாகவே இருக்கும் புது மாடல். அவள் கையில் அதைப் பார்த்துவிட்டு மீன் மார்க்கெட்டில் பாதிப் பேர் அதையே கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். இப்போதுகூடக் கடையில் நிற்பவர்கள் அதற்காக வந்தவர்கள்தான். இவள் வாயைத் திறந்தால் அத்தனை வியாபாரமும் கடலோடு போகும்.

"எக்கா, மெதுவா பேசுங்க. என்ன ஆச்சு?"

"படம் பெருசா தெரியும்னு சொன்ன. தெரியுது, இல்லன்னு சொல்லல. மீனோட செவுளு கூட செவசெவன்னு தெரியுது. ஆனா எங்க புடிச்சாலும் கண்ணாடி! புடிச்ச புடியில அதுவா அமுங்கிக்குது. தவறி வுழுந்தா தடுக்கறதுக்கு ஒரு கரை இல்ல, நேரா மூலக்கொத்தளம் சுடுகாடுதான். சோறு துன்ற தட்டுக்கே விளிம்பு வெச்சிக்கீறான், போனுக்கு வெக்கத் தெரியாதா?"

வாங்க வந்தவர்களில் ஒருவர் கையிலிருந்த போனை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"அந்த விளிம்பை எடுத்ததுக்குத்தானக்கா காசே," ரெஜி அவசரமாகச் சிரித்தான். "கைக்கு அடங்குற போன்ல இம்புட்டுப் பெரிய படம் வேற எப்படி வரும்? சரி, என்ன அமுங்கிச்சு? அதைச் சொல்லுங்க."

கன்னியம்மா போனை நீட்டினாள். மீன் வியாபாரத்துக்கான வாட்ஸ்அப் குழு. கரைக்குத் திரும்பும் படகுக்காரர்கள் அன்றைய மீனைப் படமெடுத்து அதில் போடுவார்கள். எந்த மீன்காரி முதலில் கட்டைவிரல் பொம்மையைப் போடுகிறாளோ, மீன் அவளுக்கு. போட்ட விரலைத் திரும்ப எடுக்கக் கூடாது. அது குழுவின் சட்டம்.

இரண்டு கூடை கிளாத்தி மீன். விடிந்ததிலிருந்து யாரும் சீந்தாமல் கிடந்த படம். அதன் கீழே ஒரே ஒரு கட்டைவிரல். கன்னியம்மாவுடையது.

"கிளாத்திதானே? உங்க வாய்க்கு வித்துட மாட்டீங்களா?"

"மீன வுடு. மேல கீற பேரைப் படி!"

படித்தான். திருமலை.

கன்னியம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அவள் மகள் அம்முவின் மஞ்சத்தண்ணிச் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவராமல் கடலுக்குப் போய்விட்டவர். இனி அவர் படகு மீனைத் தொட மாட்டேன் என்று அன்றைக்கு இவள் போட்ட சபதம் காசிமேடு முழுக்கத் தெரியும்.

"அத்தினி பொம்பளையும் சிரிக்கிறாளுங்க. தங்கச்சி எறங்கி வந்துட்டான்றாளுங்க. நானா எறங்கினேன்? உன் போன் எறக்கி வுட்டுச்சு! நீயே உன் வாயால குரூப்புல சொல்லு. ஓரத்துல கை பட்டா தானா அமுங்கும், கன்னிம்மா மேல தப்பு இல்லன்னு."

"எக்கா! அப்படிச் சொன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்!"

"சொல்லலன்னா வாசல்ல குந்திக்கினு நானே சொல்றேன். எது தேவல?"

ரெஜி வாசலைப் பார்த்தான். அவள் குரலுக்குப் பஸ்ஸே நின்றுவிடும். போனை வாய்க்கருகில் வைத்துக்கொண்டான்.

"ரெஜி பேசுறேன். இந்த மாதிரி போன்ல ஓரத்துல உள்ளங்கை பட்டா சில நேரம் தானா அமுங்கிரும். அக்கா வேணும்னு போடலை."

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது கடையில் வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில், நனைந்த கைலியோடு திருமலை வந்து நின்றார். தங்கை பக்கம் திரும்பாமல் ரெஜியிடம் பேசினார்.

"இப்பத்தான் கேட்டேன் ரெஜி. கை தவறிப் பட்டுச்சாமே. நான் வேற மாரி நெனச்சிக்கினேன். பரவால்ல, வேணாம்னா வுட்டுடச் சொல்லு. கருவாட்டுக்குத் தள்ளிக்கிறேன்."

கன்னியம்மாவும் ரெஜியைத்தான் முறைத்தாள். "ஏன், குரூப்பு சட்டம் அந்தாளுக்குத் தெரியாதாமா? வெரல போட்டா போட்டதுதான். கூடைய எட்துகினு வந்து வூட்டாண்ட வெக்கச் சொல்லு."

"வூட்டாண்டயா?" தன்னை மறந்து தங்கையையே கேட்டுவிட்டார் திருமலை.

அவள் அசரவில்லை. "பின்ன, ரெண்டு கூடைய நானா தூக்குவேன்னு கேளு ரெஜி. அப்டியே சோத்து நேரத்துக்கு வரச் சொல்லு. அம்மு இன்னிக்கு வூட்லதான் கீறா."

இரண்டடி தூரத்தில் நின்ற அண்ணனிடம் ரெஜி அதை அப்படியே ஒப்பித்தான். திருமலை தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் நிற்கவில்லை. கிட்டத்தட்ட ஓடினார்.

ரெஜிக்கு அப்பாடா என்றிருந்தது. "போன குடுங்கக்கா. ஓரத்துல என்ன பட்டாலும் அமுங்காம இருக்க ஒரு பூட்டு இருக்கு. போட்டுத் தாரேன். நாளைக்கும் நீங்க வந்து நின்னா நான் தாங்க மாட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்!" என்று அவள் கையை நீட்டுவதற்குள் செட்டிங்ஸைத் திறந்துவிட்டான். திறந்தவன் அப்படியே நின்றான்.

பூட்டு ஏற்கெனவே போட்டிருந்தது.

"வாங்கின அன்னிக்கே அம்மு போட்டுக் குடுத்துட்டா," என்று போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள் கன்னியம்மா. "இத்த மட்டும் குரூப்புல சொல்லிடாத நைனா."