வெள்ளைச் சைக்கிள்

இரும்புக் கத்தரி சங்கிலியைக் கடிக்கும் சத்தம் கேட்டுச் சரோல்தா திரும்பினாள். பாலத்தின் முனையில், விளக்குக் கம்பத்தோடு கட்டியிருந்த வெள்ளைச் சைக்கிளின் முன்னால் ஒருவன் குனிந்து நின்றான். செத்தவனின் சைக்கிளை அறுத்துக்கொண்டிருந்தான்.

"டேய், விடுடா அதை."

அவன் நிமிரவில்லை. கத்தரியின் நீண்ட பிடிகளை மார்போடு சேர்த்து அழுத்தினான். சங்கிலியில் செருகியிருந்த காய்ந்த பூக்கள் ஈரக் கல்தரையில் உதிர்ந்தன.

தன் டீ மேசைமேல் இருந்த காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு சரோல்தா ஓடினாள். முதல் அடி அவன் தோளில் விழுந்தது, அடுத்தது வாயில். ஒரு மனிதனை அவள் அடிப்பது அதுதான் முதல் தடவை.

"என்ன சரோல்தா, யாரு இவன்?" சாலாமி ஆலையில் இறைச்சி வெட்டுகிற ஆம்ப்ரூஷ், வந்த சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"திருடறான். இதைப் போய்த் திருடறான்."

ஆம்ப்ரூஷ் அவன் பிடரியைப் பற்றி முகத்தைக் கம்பத்தில் மோதினான். வெள்ளைப் பெயின்ட்டில் ரத்தம் தெறித்தது. "செகெட் ஊர் முழுக்கச் சைக்கிள் கிடக்கு. உனக்குச் செத்தவனோடதுதான் கிடைச்சுதாடா?"

"இந்தப் பூட்டு என்னோடது இல்ல" என்றான் அவன், கிழிந்த உதட்டோடு.

டீக்கு நின்றிருந்த நாலைந்து பேரும் சிரித்துவிட்டார்கள்.

"கேட்டீங்களா? பூட்டு அவனோடது இல்லையாம். பெரிய யோக்கியன்." ஆம்ப்ரூஷ் அவன் வயிற்றில் ஒரு குத்து விட்டான். அவன் மடங்கி உட்கார்ந்தான்.

காரை வீட்டில் விட்டுச் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பாலமுனையில் டீயும் சுடச்சுடப் பொகாச்சா ரொட்டியும் இலவசம். மேசை போடுவதும் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதும் சரோல்தா. சென்ற நவம்பரில், டிஸா ஆற்றிலிருந்து பனி எழுந்து ஊரையே மறைத்திருந்த ஒரு காலையில், கம்பளித் தொப்பியும் கழுத்துத் துணியுமாய்க் கண் மட்டும் தெரிய ஒருவன் வந்தான்.

"முதல் நாள். உங்க போஸ்டரைப் பார்த்துட்டுத்தான் காரை எடுக்கல" என்றான். டீயை ஒரு வாய் உறிஞ்சினான். "எலுமிச்சம்பழம் இல்லையா? நாளைக்கு வாங்கி வைங்க, கண்டிப்பா வரேன்."

பாலத்தில் ஏறும் முன்பே பனிக்குள்ளிருந்து வந்த வேன் அவனை அடித்துத் தூக்கி எறிந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றியவர் சரோல்தாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கித் தலையை மட்டும் ஆட்டினார். பெயர்கூடத் தெரியாது. உறவுக்காரர்களுக்கு மட்டும்தான் சொல்வோம் என்று மருத்துவமனையில் கையை விரித்துவிட்டார்கள்.

சைக்கிளில் போய்ச் சாலையில் செத்தவர்களுக்கு நினைவாக அங்கே செய்கிற மாதிரியே செய்தார்கள். நசுங்கிப் போன அவன் சைக்கிளை நிமிர்த்தி, வேறு சக்கரம் மாட்டி, வெள்ளையடித்து, விழுந்த இடத்திலேயே கட்டிவைத்தார்கள். அதைப் பார்த்த பலர் மறுபடி காருக்குப் போய்விட்டார்கள். போஸ்டர் ஒட்டிய தன் கையைப் பார்க்கும்போதெல்லாம், கொன்றதும் இதுதானே என்று சரோல்தாவுக்குத் தோன்றும். அன்றிலிருந்து எலுமிச்சம்பழம் இல்லாமல் அவள் மேசை போட்டதே இல்லை.

கீழே உட்கார்ந்திருந்தவன் ஓடப் பார்க்கவில்லை. கம்பத்தைப் பிடித்து மெல்ல எழுந்தான். மறுபடியும் கத்தரியைத்தான் எடுத்தான்.

"விடுங்க. வேலைக்கு நேரமாச்சு."

"வேலைக்கா?" ஆம்ப்ரூஷுக்கு வெறி ஏறிவிட்டது. "நடந்து போடா. நடக்கக் கால் இருந்தா."

இடுப்பைப் பிடித்துத் தூக்கி வீசினான். அவன் மேசைமேல் விழ, மேசை சாய்ந்தது. டீப்பானை கவிழ்ந்து ஆவி பறந்தது. ரொட்டிகளும் எலுமிச்சம்பழங்களும் கல்தரையில் உருண்டன. யாரோ அவன் விலாவில் மிதித்தார்கள். இன்னொருவர் முதுகில். எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

சரோல்தா பம்பை ஓங்கிக்கொண்டு அவன் தலைமாட்டில் வந்து நின்றாள். இப்போது அடித்தால் மண்டை பிளக்கும் என்று தெரிந்தது. தெரிந்தும் ஓங்கிய கையை அவள் தாழ்த்தவில்லை.

"இது யாரு வண்டின்னு தெரியுமாடா உனக்கு?" அவள் குரல் உடைந்தது. "என் பேச்சை நம்பி வந்தவனோடது. நான்தான் அவனைக் கொன்னேன். அவன் பேர்கூட எனக்குத் தெரியாது. எனக்குன்னு மிஞ்சினது இந்த வண்டி ஒண்ணுதான்."

மிதித்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன. கீழே கிடந்தவன் வீங்கிய கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான். அப்போதுதான் ஏதோ புரிந்தவன் போல வெள்ளைச் சைக்கிளைப் பார்த்தான், உதிர்ந்து கிடந்த பூக்களைப் பார்த்தான்.

அவன் கன்னத்தருகே ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு வந்து நின்றது. ரத்தம் வழிகிற விரல்களால் அதை எடுத்தான்.

"அட, வாங்கி வெச்சுட்டீங்களே."