பார்மாவின் மேல்மாடி

"நாயகிக்குக் காய்ச்சல். எங்க நிக்கணும், எங்க விழணும்னு இயக்குநரான உங்களுக்குத்தான் அத்துப்படி. மேடை ஏறுங்க, சிஞ்ஞோரா ஓர்னெல்லா!" என்று கெஞ்சினார் மேலாளர் துல்லியோ.

"பன்னிரண்டு வருஷம் முன்னால, இதே பார்மா அரங்குல, இதே ஓபராவுல, மலிவு டிக்கெட் மேல்மாடி ரசிகருங்க கூவியே என்னை விரட்டினாங்க. அப்புறம்தான் பாட்டு வாத்தியாரம்மாவும் இயக்குநரும் ஆனேன். இன்னைக்கு என்ன செய்வாங்களோ?" என்றாள் ஓர்னெல்லா.

ஆனாலும் ஏறினாள். கடைசிக் காட்சியில் அவள் செத்து விழுந்ததும் மேல்மாடியே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

வாசலில் மேல்மாடிப் பெரியவர் ஒருவர் வழிமறித்தார். "அன்னைக்கே இப்படிச் செஞ்சிருக்கக் கூடாதாம்மா?"

தன் வாயசைப்புக்கு மேடையோரம் மறைவாக நின்று கடைசிவரை பாடிய மாணவி இலாரியாவின் தோளை அணைத்தபடி ஓர்னெல்லா சிரித்தாள்.

"அன்னைக்கும் நடிப்பு இதேதான், ஐயா. பாட்டையும் நானே பாடித் தொலைச்சேன்!"