ஏழாம் சுரங்கத்தின் இறங்குசீட்டு

எங்கள் கம்பெனியின் பெரிய டைரக்டர் சேஷகிரி ஐயா இறந்து மூன்று வருடம் ஆகிறது. காட்டையும் சுரங்கத்தையும் அவர் ஆண்ட நாற்பது வருடக் காகிதங்களை இயந்திரத்துக்குள் ஏற்றினார்கள். அன்றுமுதல் அவர் அறையிலிருந்து அவர் குரலே உத்தரவு போடுகிறது. மிச்சக் கட்டுகளைச் சுமந்துபோய் அதற்குக் காட்டுவது என் வேலை.

ஐயா உயிரோடு இருந்த காலத்தில் ஏழாம் சுரங்கம் சரிந்தபோது, உள்ளே ஆளே இல்லை என்று ஐயா கையெழுத்துப் போட்டிருந்தார். உள்ளே என் தம்பி சடையப்பன் இருந்தான். நாளை அதில் கான்கிரீட் ஊற்றப்போகிறார்கள்.

இன்று காலை ஒரு கட்டில், சுரங்கம் சரிந்த அன்று உள்ளே இறங்கும் ஆள் கொடுத்துப்போன இறங்குசீட்டு ஒன்று கிடைத்தது. பெயர் இல்லை, வெறும் கைநாட்டு. நுனி நசுங்கிய பெருவிரல், அவனுடையதேதான். கைநாட்டை இயந்திரம் ஆளாக எடுத்துக்கொள்வதில்லை. நான் ஐம்பது வயதில் கற்ற எழுத்தில் பக்கத்திலேயே அவன் பெயரை எழுதிக் காட்டினேன்.

"சடையப்பன் இறங்கியிருக்கான். ஏறின சீட்டு எங்கய்யா?" என்றது குரல்.

"செத்துட்டானுங்க ஐயா. இருபத்திரண்டு வருசமாச்சு. எலும்பையாவது எடுத்துக் குடுங்க."

"அப்படி ஒரு காகிதமும் இல்லையே. அவன் ஷிப்டுல இருக்கான். சுரங்கத்தை மூடாதீங்க."

மேனேஜர் ஜெகதீசன் ஓடிவந்து என் கையில் பேனாவைத் திணித்தார். "ஏறிட்டான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடுய்யா. உனக்குத்தான் எழுத்து வந்துடுச்சே!"

"அவன் ஏறட்டும் சார், எழுதறேன்" என்றேன்.

அறைக்குள் ஐயா, ஏழாம் சுரங்கத்துக்குக் காற்றாடியைப் போட்டு, ஒரு ஆளுக்குச் சோறு இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.