சார் சொன்னபடியே

வேதியியல் பேராசிரியர் செங்கல்வராயன் விருது வாங்கிய மறுநாள், சொர்ணம் மேனாம்பேட்டிலிருந்து அவரைப் பார்க்க வந்தாள். போன வருடம் ஆய்வகத் தீயில் கருகிப்போன ஆராய்ச்சி மாணவி விஜியின் அம்மா.

"அவ அஜாக்கிரதையாலதான் தீ பத்திக்கிச்சின்றாங்கோ சார். இது அன்னிக்கு ரூமுக்கு வெளிய வெச்சிருந்த அவ பையில கெடச்ச லேப் நோட்டு. இங்கிலீஷ்ல இன்னா எய்திகீறான்னு சொல்லுங்க."

பேராசிரியர் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"'சார் சொன்னபடியே செய்கிறேன்'னு எழுதியிருக்காம்மா."

சொர்ணம் அழுதாள். "உங்க பேச்சத் தட்டாத பொண்ணு சார். நீங்களே இத வெச்சிக்கோங்க."

அவள் படியிறங்கியதும் அவர் நோட்டை மறுபடி திறந்தார். அந்த வரிக்கு மேலே விஜி எழுதியிருந்தாள்:

'இன்றும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை, அறையெல்லாம் சட்டென்று தீப்பற்றும் ஈதர் ஆவி என்றேன். விருதுக்கு ஆய்வு முடிவை அனுப்ப நாள் இல்லை, ஹீட்டரைப் போடு என்றார்.'