வடக்கே சாயும் எண்ணெய்

கன்னியம்மாவின் மகள் ஷாலினி, பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக ஜெராக்ஸ் கடைக் கறுப்புத் தூளைச் சமையல் எண்ணெயில் குழைத்து ஒரு பாட்டிலில் அடைத்து வைத்திருந்தாள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் எண்ணெய் முள்முள்ளாக எழுந்து நிற்கும்.

அன்று காலையில் ஏரிக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கப் போன புருஷன் எல்லப்பன், மழைக்காற்று ஓய்ந்த பிறகும் வரவில்லை. ஆபத்தென்றாலும் கத்த முடியாது. இறால் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் தடவுவார்கள்.

"அம்மா, இங்க காந்தமே இல்ல. எண்ணெய் ஏன் வடக்கால சாயுது?" என்றாள் ஷாலினி.

ஏரியும் அந்தப் பக்கம்தான். கன்னியம்மா பாட்டிலோடு தம்பியின் படகில் ஏறினாள்.

"இன்னாக்கா, பாட்டிலு வழி சொல்லுமா?"

"வாய மூடிக்கினு தள்ளுடா."

எண்ணெய் சாய்ந்த பக்கமே போனார்கள். கால் சேற்றில் புதைந்து, கழுத்தளவுத் தண்ணீரில், கயிற்றைக் கடித்தபடி எல்லப்பன் நின்றிருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்த பிறகுதான் பேசினார்.

ஒரு மாதமாகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், பெண்டாட்டியைக் கிண்டலடிக்கிறார். கன்னியம்மா தினமும் ஏரியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறாள்.

இன்று மதியம் ஷாலினி அம்மாவின் காதோடு கேட்டாள். "நைனா இங்கதான உக்காந்திருக்காரு? எண்ணெய் இன்னும் வடக்கால, ஏரில நைனா நின்ன அந்த எடத்தயே பாத்துச் சாயுதேம்மா."

"சாஞ்சா சாயட்டும். எனக்கு வூடு நெறஞ்சிருக்கு."

எல்லப்பன் தட்டை நீட்டினார். பெரிய இறாலாகப் பார்த்து அள்ளி வைத்தாள் கன்னியம்மா.