கண்ணாடிக் கதவு

வணிக வளாகத் துப்பாக்கிச்சூட்டைப் பற்றி ஆவணப்படம் எடுத்த யாமினி, கொன்றவனின் முகமோ பெயரோ அதில் எங்கும் வரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். அவனைப் போல் ஆக ஆசைப்படும் இன்னொருவனுக்கு இந்தப் படம் தீனியாகிவிடக் கூடாது. ஒரு காட்சியில்தான் அவள் தடுமாறினாள். கண்காணிப்புக் கேமராவில், தோளில் நீளமான பையைச் சுமந்து வரும் அவனுக்காக ஒரு பெண் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். முதலில் இறந்த சுகிர்தா அவள்தான். அதற்குப் பிறகு அவள் எந்தக் கேமராவிலும் இல்லை.

யாமினி அவனை மட்டும் காட்சியிலிருந்து அழித்தாள். பிறகு சுகிர்தாவின் அம்மா தமயந்தியை வரவழைத்துப் போட்டுக் காட்டினாள். திரையில் சுகிர்தா வெறும் காற்றைப் பார்த்துச் சிரித்தாள்.

தமயந்தி எழுந்து திரையருகே போனாள்.

"யாருக்கும்மா இவ கதவப் பிடிச்சிட்டு நிக்கிறா?"

தமயந்தி திரும்பி யாமினியின் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அவனுக்கா?"

யாமினி தலையைக் குனிந்துகொண்டாள். "வேண்டாம்னா இந்த எடத்த எடுத்துடறேம்மா."

"இன்னொரு தடவ போடு."

காட்சி மீண்டும் ஓடியது. தமயந்தி திரையிலிருந்த கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, பலங்கொண்ட மட்டும் தள்ளினாள்.

"மூடுடி," என்றாள். "மூடிட்டு ஓடி வந்துடுடி."

அவள் விரல்களுக்கு நடுவே சுகிர்தா, யாரோ உள்ளே வரட்டும் என்று, இன்னும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டாள்.